வலிக்காத விரல்

தாளில் சிவப்பு பட்டிருப்பதை முதலில் பார்த்தவன் சரவணன்.

“ஏலே, இந்தக் கட்டைக்கு நீலம்தானே? செவப்ப எங்கனயிருந்துலே கொண்டாந்த?”

என் இடக்கைச் சுண்டுவிரலை உளி கிழித்திருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை.

நானும் அவனும் சிவகாசியில் ஒரு வாடகை அறையில் ஜப்பானிய முறையில் மரக்கட்டை அச்சுப் போடுகிறோம். மரத்தில் படம் செதுக்கி, அரிசிப் பசை கலந்த நீர்வண்ணம் தடவி, ஈரத்தாளை மேலே வைத்துக் கையாலேயே தேய்த்து எடுக்க வேண்டும். ஈரம் கூடினால் வண்ணம் கசியும், குறைந்தால் பிடிக்காது. வலக்கையில் வண்ணம் இருக்கும் என்பதால் அளவை நான் இடக்கை விரலால்தான் பார்ப்பேன். எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய எனக்கு நிலைத்த வேலை இது ஒன்றுதான்.

அந்தக் கையில் வெளிறிய தேமல் வந்து இரண்டு வருடமாகியிருந்தது. முன்பு நான் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலந்தவன். அங்கே தோல் வெளுத்தால் மருந்து பட்டது என்பார்கள், அதற்குமேல் பேச்சில்லை. நானும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இருந்துவிட்டேன். உங்களுக்கு உணர்வில்லாத தேமல் இருந்தால், காரணத்தை நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள்.

விரல் வெட்டுப்பட்ட பிறகு போன விருதுநகர் ஆஸ்பத்திரியில் மருத்துவர் என் முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்தார். கயிறாகத் தடித்திருந்தது. தொழுநோய் (தோலையும் நரம்பையும் தாக்கும் கிருமி நோய்) என்றார். ஒரு வருடம் கூட்டு மருந்து (பல மாத்திரைகளைச் சேர்த்துத் தருவது) சாப்பிட்டால் குணமாகும், மருந்து தொடங்கிவிட்டால் பிறருக்குத் தொற்றாது என்றார். விரலுக்கு உணர்வு திரும்புமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார்.

மருந்து முடியும்வரை ஆமத்தூரில் அக்கா வீட்டில் தங்கினேன். தொற்றாது என்று சொல்லியும் எனக்குத் தனித்தட்டு வைத்தாள்.

“கோவிச்சுக்கிடாதலே. பிள்ளைக இருக்குல்ல.”

நானே கழுவிக் கவிழ்த்தேன். மாத்திரையில் உடம்பு கறுத்தது. ஒரு வேளையும் தவறவிடவில்லை.

கடைசி மாதம், கிருமி ஒழிந்தது என்றார் மருத்துவர். பிறகு கண்ணை மூடச் சொன்னார். நைலான் இழையால் இடக்கை விரல்களைத் தொடுவார். தொடும்போதெல்லாம் நான் சொல்ல வேண்டும். காத்திருந்தேன். வெளியே யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இன்னும் காத்திருந்தேன்.

“எப்ப ஆரம்பிப்பீக, மேடம்?”

“முடிச்சாச்சுப்பா.”

இப்போது தாளைக் கன்னத்தில் ஒற்றி ஈரம் பார்க்கிறேன். பாதித் தாள் வீணாகிறது. காலையும் மாலையும் இடக்கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். போன வாரம் இரண்டு நாள் பார்க்க மறந்துவிட்டேன். உள்ளங்கை ஓரத்தில் ஒரு கொப்புளம். டீக்கிளாஸா, பைக் சைலன்சரா, நேற்றா, முந்தாநாளா என்று யோசித்தேன். தெரியவில்லை. அது உடைந்து காயத் தொடங்கியிருந்தது.