மூன்று பவுசர் நல்ல தண்ணீர்

மேசன் அபூதாஹிருக்குத் தலைக்கனம் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: குறிஞ்சாக்கேணியில் தன் கையால் கட்டிய கிணறு. ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்த மனிதர், தன் வீட்டைக் கட்டப் பதினெட்டு வருடம் இழுத்தார். கிணற்றை மட்டும் ஒரே மாதத்தில் முடித்தார். கடலோடு சேர்ந்த உப்புக் களப்பு கூப்பிடு தூரத்தில் இருந்தும் தண்ணீர் அப்படியொரு இனிப்பு. நோன்பு திறக்க அந்தத் தண்ணீர்தான் வேண்டுமென்று தெருவே குடத்தோடு வந்து நிற்கும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மழையையே தான்தான் பெய்வித்த மாதிரி!

அந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். ஆகவே ஒரே மகள் நுஸ்ரத் பிறந்த அன்றே வீடும் கிணறும் அவளுக்கென்று ஆகிவிட்டன.

நீர் சோதிக்க வரும் லோஜினி, பத்து வருடமாகக் கிணற்றில் கருவியை இறக்கி உப்பை அளந்து வந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு துளி கூடியிருக்கும். "கொஞ்சம்தானே பிள்ளை" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார். இந்த வேகத்தில் போனால் கிணறு மகளின் காலத்தையும் தாண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. இரண்டு மாரி பொய்த்தது. மூன்றாம் மாரியில் புயல் வந்து, களப்பு முற்றத்தில் ஏறி நின்றது. வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை.

அடுத்த மழைக்குச் சரிவரும் என்றார். லோஜினி தலையாட்டி மறுத்தாள். நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருந்ததாம். கடல் உயர உயர அது மெலிந்துகொண்டே வந்ததாம்.

"எல்லாத்துக்கும் ஒரு எல்லை இருக்கு, ஐயா. அதுவரைக்கும் மெல்ல மெல்லத்தான் போகும். தாண்டினால் ஒரேயடியாத்தான். நாங்கள் இருக்கிற காலத்தில திரும்பி வராது."

பனிமலைகளுக்கும் கடல் நீரோட்டங்களுக்கும் அப்படி எல்லைகள் உண்டு, படித்தவர்கள் அதைத்தான் பயந்து பயந்து அளக்கிறார்கள் என்றும் சொன்னாள். அபூதாஹிர் பனிமலையைக் கண்டவரல்ல. அவருக்கு இந்தக் கிணறே போதுமாயிருந்தது. விற்கலாமென்றால் உப்புக் கிணற்று வீட்டை எவன் வாங்குவான்? ஐம்பத்தெட்டு வயதில் இன்னொரு பதினெட்டு வருடத்துக்கு எங்கே போவது? போகவும் வழியில்லை, இருக்கவும் வழியில்லை.

இந்த நேரம் பார்த்து மூதூர் ஜெமீல், தன் மகன் பஹ்மிக்கு நுஸ்ரத்தைப் பேசி, வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். அபூதாஹிரின் புத்தி எப்படிப் போயிற்று பாருங்கள்! அவர் வருவதற்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை. ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த வேளையில், மோட்டர் போட்டுக் கிணற்றை இறைத்து, மூன்று பவுசர் வண்டி நல்ல தண்ணீரை உள்ளே ஊற்றினார். ஜும்ஆவைத் தவறவிட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"பொய்க் கிணத்தை நம்பியா புள்ளையக் கட்டிக் குடுக்கப் போறீங்க?" என்றாள் மனைவி றுக்கியா. அவர் பவுசர்க் குழாயைச் சுருட்டினார்.

மறுநாள் காலை வந்த ஜெமீல் வீட்டுக்குள் எட்டியும் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய், அள்ளிக் குடித்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் முறை வைத்துப் பேசினார்.

"நானா, எங்கட கிணறு போன வருசமே உப்பாப் போயிட்டு. இந்தச் சம்மந்தத்தைத் தேடி வந்ததே தண்ணிக்காகத்தான். பின்னால நாங்களும் இங்கால வந்திருவம்."

சொல்லிவிட்டு வாகனத்திலிருந்து ஐந்து வெறுங்கேன்களை இறக்கினார், வீட்டுக்குக் கொண்டுபோக.

அபூதாஹிர் அள்ளி அள்ளி ஊற்றினார். அள்ள அள்ள அடியிலிருக்கும் உப்பு மேலே வரும் என்பது அவருக்குத் தெரியும். மூன்றாவது கேன் நிறைந்ததும் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது. வாயை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு கேனை நிரப்பினால் கலியாணம் நடந்துவிடும். குசினி வாசலில் நுஸ்ரத் தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு வெட்கமாயிருந்தது. கயிற்றை விட்டுவிட்டார்.

"ஜெமீல், இதைக் கொண்டு போகாதீங்க. இது நான் ஊத்தின தண்ணி. எண்ட கிணறும் போயிட்டு."

ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார். ஏச்சு வரவில்லை. ஜெமீல் கிணற்றுக் கட்டின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப நாம எங்க போற, நானா?"

உண்மையாகவே விடை வேண்டித்தான் அவர் கேட்டார். அபூதாஹிரும் அந்தக் கட்டின்மேல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.