ஐந்து பெடலுக்கு ஒரே பெட்டி

மின்சாரம் ஒழுங்கானது, வழியைச் சரியாக வகுத்துக் கொடுத்தால் அது வழி தவறுவதில்லை, தவறுபவர்கள் வாடிக்கையாளர்களே. வில்லியனூர்க் கடைத்தெருவில் ஒலிக்கருவிகளைப் பழுது பார்க்கிறேன். கிட்டார் வாசிப்பவர்கள் ஒலியைக் கரகரப்பாக்கவும் எதிரொலிக்கச் செய்யவும் காலால் மிதிக்கும் பெடல்கள் எத்தனை இருந்தாலும், அத்தனைக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் தரும் பெட்டிகளையும் செய்து விற்கிறேன். விளக்கம் சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றிய அன்பர்களே, ஒரே ஆடி மாதத்தில் ஒரே ஒருவரால் எனக்கு நேர்ந்தவற்றைக் கேட்டு ஆறுதல் அடையுங்கள்.

கொத்து வயர்

உறுவையாற்றிலிருந்து சேகர் என்பவர் ஒரு பழைய சன்னல் கதவைச் சுமந்துகொண்டு வந்தார். அதன்மேல் ஐந்து பெடல்கள் ரப்பர் செருப்பின் வார்களால் ஆணியடித்து இறுக்கப்பட்டிருந்தன. ஒரே அடாப்டரிலிருந்து புறப்பட்ட வயர் ஐந்தாகக் கிளைத்து ஐந்திலும் செருகியிருந்தது. சுவிட்சைப் போட்டதும், கிட்டாரைத் தொடாமலேயே ஒலிபெருக்கி மாவு மில்லைப்போல இரைந்தது.

அவர் வாசிப்பது ஜமால் பாயின் இன்னிசைக் குழுவில். செலியமேட்டு அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் அன்றும் இந்த இரைச்சல் கேட்டால், கிட்டாரையும் கீபோர்டிலேயே வாசித்துக்கொள்வதாகவும், சேகர் வேறு பிழைப்பைப் பார்க்கலாம் என்றும் பாய் சொல்லிவிட்டாராம். விழாவுக்கு எட்டு நாள்களே இருந்தன. ஐந்தும் ஒரே வயரைப் பகிர்ந்துகொள்வதால் ஒன்றின் இரைச்சல் மற்றொன்றில் கலக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி வழி வேண்டும் என்று விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சேகர் சொன்னார்: "ஒரு மோட்டார்ல அஞ்சு காணிக்குத் தண்ணி பாயுது. ஒரு அடாப்டர்ல அஞ்சு பெடலுக்குக் கரண்டு பாயாதாக்கா?"

கூட்டல்

ஒவ்வொரு பெடலுக்கும் ஒன்பது வோல்ட் தேவை என்று நான் சொன்னது என் பிழை. மறுநாள் காலை அவர் இருசக்கர வண்டியின் முன்புறத்தில் ஒரு டிராக்டர் பேட்டரியை வைத்து, அதைக் கால்களால் அணைத்தபடி வந்து இறங்கினார். ஐந்து ஒன்பது நாற்பத்தைந்து என்று இரவெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறார்.

வோல்ட்டைக் கூட்டக் கூடாது. பெடல்கள் எத்தனை ஆனாலும் அது ஒன்பதுதான். ஒவ்வொன்றும் இழுக்கும் மில்லி ஆம்பியரைத்தான் கூட்ட வேண்டும். கரகரப்புப் பெடல் கொஞ்சமாக இழுக்கும். எதிரொலிப் பெடல் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். இதைத் தாளில் அட்டவணையாகவே வரைந்து காட்டினேன். அவர் அட்டவணையைப் பார்க்கவில்லை, பேட்டரியைத் தடவிக்கொண்டே என்னைத் தேற்றினார்: "மச்சான் டிராக்டர்லேர்ந்து கயட்டினு வந்தேன்க்கா. பத்தலன்னா சொல்லு, ஊர்ல இன்னும் மூணு டிராக்டர் கீது."

சிவப்புத் துளை

நான்கு நாள்களில் பெட்டி தயாரானது. பெடல் வயர்களைச் செருகும் ஐந்து துளைகளுக்கும் தனித்தனியே கம்பிச் சுருள் சுற்றியிருந்தேன். அவருடைய பெடல்களில் நான்கிற்குத் துளையின் நடுமுனை மைனஸ். பழைய பெடல் ஒன்றிற்கு மட்டும் நடுமுனை பிளஸ். ஆகவே அந்த ஒரு துளைக்குச் சிவப்பு வண்ணம் பூசி, பழைய பெடலுக்கும் அதே வண்ணத்தில் பொட்டு வைத்து, மற்றெதையும் அதில் செருகக் கூடாது என்று மூன்று முறை சொல்லி, அவரையும் ஒருமுறை சொல்லச் செய்து அனுப்பினேன்.

மாலையில் எதிரொலிப் பெடலை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி எடுத்து வந்தார். அவிழ்த்தபோது கருகிய வாடை வந்தது. நல்லவேளையாக, உள்ளே காவலுக்கு இருந்த டயோடு மட்டுமே உயிரை விட்டிருந்தது, மாற்றினேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் கண்கலங்கினார்: "அம்மன் கோயில் புரோகிராமாச்சே, சிவப்பு ராசின்னு மெயின் பெடலுக்குக் குத்திட்டேன்க்கா!"

பாயின் சோதனை

விழாவுக்கு முதல் நாள் ஜமால் பாய் நேரில் வந்தார். ஐந்து பெடல்களின் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. ஒலிபெருக்கியில் காதை ஒட்டவைத்து, கண்ணை மூடி, ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். ஈ பறக்கும் ஓசையைத் தவிர எதுவும் கேட்கவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு தூய்மையான அமைதியை நான் செய்ததில்லை. பாய் நிமிர்ந்து என்னைக் கடிந்துகொண்டார்: "இன்னாம்மா இது, ஆன் பண்ணாமயே டெஸ்ட் பண்ணச் சொல்றே?"

செலியமேடு

இரைச்சல் வந்தால் பதில் சொல்வதற்காக என்னையும் பாய் அழைத்துச் சென்றார். முற்பகலில் கரகம் கோயிலை வந்தடைந்தது. அம்மன் பாட்டு முடிந்தது. கரகம் சுமந்த அஞ்சலை அம்மாள் மேல் சாமி இறங்கி உத்தரவு கொடுத்த பின்னர்தான் அங்கே கூழ் வார்ப்பார்கள். பூசாரி உடுக்கை அடித்தார், பெண்கள் குலவையிட்டார்கள். அஞ்சலை அம்மாள் அசையவில்லை. மேலும் இரண்டு பாட்டுகள் பாடியாயிற்று. குண்டானும் தூக்குவாளியும் ஏந்திய ஊரே வெயிலில் நின்றது.

தர்மகர்த்தா மேடையேறி, சேகரை மேலும் கீழும் பார்த்தார். "போன வருசம் பாட்டு முடிஞ்சதும் ங்ங்ங்ங்னு ஒரு சத்தம் குடுத்தியே, அது எங்கடா? அதுலதான ஆத்தா வந்தா? அது இல்லன்னா இந்த ஊர்ல உங்க செட்டே வோணாம்!"

பாய் சேகரைப் பார்த்தார். சேகர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியின் மூடியைத் திறந்தேன். நான்கு நாள் பாடுபட்டுத் தனித்தனியே பிரித்து வைத்த வழிகளை, ஒரு செம்புக் கம்பியால் என் கையாலேயே ஒன்றாக முடிந்தேன். ஒலிபெருக்கி இரைந்தது. அந்தக் கணமே அஞ்சலை அம்மாள் ஆடத் தொடங்கினார், உத்தரவு கிடைத்தது, கூழ் வார்த்தார்கள். அடுத்த ஆண்டும் இதே கிட்டார்காரர்தான் வரவேண்டும் என்று தர்மகர்த்தா அனைவர் முன்னிலையிலும் சொல்ல, சேகர் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். பாய் ஒரு சொம்புக் கூழை என்னிடம் நீட்டியபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அதுல ஒரு சுச்சு வெச்சிக் குடுத்துடும்மா. கல்யாணத்துக்கு அமைதி, கோயிலுக்கு எரைச்சல்."

இப்போதெல்லாம் பாகூர் வரையிலிருந்து என்னைத் தேடி வருபவர்கள், இரையாத பெட்டியை விட்டுவிட்டு, வேண்டியபோது இரையும் பெட்டியைத்தான் விரும்பி வாங்கிச் செல்கிறார்கள்.