பச்சைப் பென்சில்

நுணுக்குக்காட்டியில் வெங்காயத் தோலைப் பார்த்த மகள், "கலங்களுக்குள்ள பச்சை ஒண்டையும் காணேல்லை அம்மா" என்றாள். வெங்காய மணத்தோடு வதனியின் முகம் நினைவுக்கு வந்தது.

துறைமுகம் தெரியும் எங்கள் பள்ளி ஆய்வுகூடத்தில், இதே வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியில் பார்க்க என் முறை வந்தபோது எனக்கு இருட்டுத்தான் தெரிந்தது. சொல்ல வெட்கம். புத்தகத்திலிருந்த இலைக் கலத்தைப் பார்த்து, வெங்காயத்தில் இல்லாத, இலைக்குப் பச்சை தரும் பச்சையவுருமணிகளையும் சேர்த்து வரைந்தேன். சல்லிக் கிராமத்திலிருந்து வரும் என் தோழி வதனி, கலச்சுவரும் கருவுமாகத் தான் கண்டதை அப்படியே வரைந்திருந்தாள்.

அவசரத்திலிருந்த ரீச்சர் என் கொப்பியைத் தூக்கிக் காட்டினார். "வதனி, இதைப் பாத்து வரையும்."

"நான் பச்சையைக் காணேல்லை ரீச்சர்."

ஆனாலும் தன் படத்தை அழித்துவிட்டு, என்னிடமே பச்சைப் பென்சில் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

"நீங்கள் பாக்கேக்கயும் இப்பிடித்தானே அம்மா இருந்தது?" மகள் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.