சனிக்கிழமைத் தேவார வகுப்பு

உயர்நிலைப் பள்ளி முடித்து, தொடக்கக் கல்லூரியில் முதலாண்டு படித்தபோது சனிக்கிழமைதோறும் விமான நிலையத்துக்குப் போவேன். எங்கும் பறப்பதற்கில்லை, படிப்பதற்கு. சிங்கப்பூரில் இதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. அங்கே குளிர்சாதனம் இலவசம், போனைச் சார்ஜ் செய்ய இடமுண்டு. ஆனால் எங்கள் வீடு சுவா சூ காங்கில். தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய் வேதியியல் படிக்க வேண்டும் என்பது என் யோசனை இல்லை.

அது என் தோழியின் யோசனை. தீவின் நடுவிலிருக்கும் தோ பாயோக்காரி. உயர்நிலைப் பள்ளித் தமிழ் வகுப்பிலிருந்தே நாங்கள் மூன்று பேர் கூட்டு, ஏற்பாடெல்லாம் அவள்தான். தனியாகப் படித்தால் அவளுக்குத் தூக்கம் வந்துவிடுமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்தி வந்துவிடும்: "நாளைக்குப் பதினோரு மணி. யாரும் கழட்டிவிடக் கூடாது லா." நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவைப்பேன். மாட்டேன் என்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

ஒரு சனிக்கிழமை, நேரமெல்லாம் எங்கேதான் போகிறது என்று நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். பயணம், போக மட்டும் ஒன்றரை மணி நேரம். பிளக் இருக்கும் மேசையைத் தேடியது நாற்பது நிமிடம். சாப்பாடு ஒரு மணி நேரம். பபிள் டீ வரிசை இருபது நிமிடம். மூன்றாமவளுக்கு அந்த வாரம் காதல் முறிந்திருந்தது, அதற்கு ஒன்றே கால் மணி நேரம். புத்தகம் திறந்திருந்தது முப்பத்தைந்து நிமிடம். அதிலும் பத்து நிமிடம், எந்த நிறத்தில் கோடு போட்டால் மனத்தில் நிற்கும் என்ற விவாதத்தில் போயிற்று.

அரையாண்டில் கணக்கில் தோற்றேன். ஆண்டிறுதியிலும் தோற்றால் அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். அன்றே தோழியிடம் போய், "இனிமே சனிக்கிழமை வீட்டுலயே படிக்கலாம்னு பாக்குறேன்டி" என்றேன்.

"ஏன், நாங்க டிஸ்டர்ப் பண்றோமா?"

ஆமாம் என்பதுதான் பதில். "சேச்சே, அப்படியெல்லாம் இல்ல" என்று மென்று விழுங்கினேன். அந்தச் சனிக்கிழமையும் விமான நிலையத்துக்குப் போனேன்.

அடுத்த வாரம் வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். "எங்கம்மா சிராங்கூன் ரோட்ல ஒரு கோயில்ல தேவாரம் கிளாஸ்ல சேத்துவிட்டுட்டாங்க. சனிக்கிழமை, ஃபுல் டே." எங்களுடையது யாழ்ப்பாண வழிக் குடும்பம். என் அம்மா அப்படிச் செய்யக்கூடியவர்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

"அய்யோ பாவம்" என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றால், யார் எங்கே இருக்கிறோம் என்று காட்டும் செயலி ஒன்று மூவர் போனிலும் இருந்தது. அதுவும் அவள் ஏற்பாடுதான். ஆகவே அம்மாவிடம் தோழிகளோடு படிக்கப் போவதாகவும், தோழிகளிடம் தேவாரம் கற்கப் போவதாகவும் சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலையில் சிராங்கூன் ரோடு தொடங்கும் தேக்காவில் போய் இறங்கினேன். கோயில் பக்கத்து அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை ஒன்று காலியாகக் கிடந்தது. புழுக்கம். மளிகைக் கடையிலிருந்து கருவாட்டு வாடை. பக்கத்து மேசையில் இரண்டு அங்கிள்கள் காய் நகர்த்தும் 'தாம்' ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ஐந்து மணி நேரம் படித்தேன். ஒரு முழுக் கணக்குத் தாளை முதன்முதலாக எழுதி முடித்தது அங்கேதான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஒரு மாதம் கழித்து, "எங்க, ஒண்ணு பாடு பாப்போம்" என்றாள் தோழி. நல்லவேளை, நான் முன்னெச்சரிக்கையாக ரயிலில் ஒரு பதிகத்தின் இரண்டு பாட்டை மனப்பாடம் செய்திருந்தேன். கேன்டீனில் பாடினேன். அவள் அதைப் பதிவு செய்து தன் அம்மாவுக்கு அனுப்பினாள். உச்சரிப்பு நன்றாக இருப்பதாக அந்த அம்மா பதில் போட்டார்.

பிறகு மூன்றாமவள் சனிக்கிழமைகளில் ரொட்டிக்கடை வேலைக்குப் போகத் தொடங்கினாள். தோழி மட்டும் விமான நிலையத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. மதியம் குழுவுக்கு ஒரு படம் வரும்: மேசை, அவள் புத்தகம், இரண்டு காலி நாற்காலிகள். "உங்க ரெண்டு பேர் சீட்டும் பத்திரமா இருக்கு லா." கல்மேசையில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். அப்புறம் எரிச்சல்பட்டதற்காகக் கஷ்டமாக இருக்கும். அதற்கும் கட்டைவிரல் படம்தான் அனுப்பினேன்.

ஆண்டிறுதியில் நான் மயிரிழையில் தேறினேன். மூன்றாமவளும் தேறினாள். தோழி தேறவில்லை. அதே வகுப்பில் இன்னொரு வருடம் என்று முடிவாயிற்று.

அன்று கல்லூரி வாசல் பேருந்து நிறுத்தத்தில் நானும் அவளும்தான். அழுது முடித்திருந்தாள். "உனக்குக் கோயில், அவளுக்கு வேலை. எனக்கு மட்டும்தான் சனிக்கிழமை முழுசா ஃப்ரீ. அப்பவும் நீங்க ரெண்டு பேரும் பாஸ், நான் ஃபெயில். அப்ப நான் மண்டுதானே" என்றாள்.

எனக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். தன்னை மண்டு என்று நினைத்துக்கொண்டு அவள் பேருந்தில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். வகுப்பே கிடையாது, தேக்காவில் ஒரு புளோக்கின் கீழ் உட்கார்ந்து சனிக்கிழமைதோறும் ஐந்து ஆறு மணி நேரம் கணக்குப் போட்டேன், அவ்வளவுதான் என்றேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வந்த பேருந்தில் ஏறாமல் அதைப் போகவிட்டாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல? சொல்லிருந்தா நானும் அங்கயே வந்திருப்பேனே."

வந்திருப்பாள். எனக்கு முன்னாலேயே வந்து எனக்கும் இடம் பிடித்து வைத்திருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை. அதை அவளிடம் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.