இருபது கெசம் பாப்ளினும் என் வீட்டுத் தோணிக்காரரும்

தையல் வகுப்புத் தோழிகளே, இன்று நான் இருக்கும் கொதிப்புக்கு இஸ்திரிப் பெட்டியில் கரியே போட வேண்டாம்.

ஞாயிறன்று மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும், அதுதான் புதுநன்மை வாங்கும், ஆறு பெண்பிள்ளைகளுக்குக் கவுன் தைக்க வேண்டும். இருபது கெசம் வெள்ளைப் பாப்ளினை நேற்றே துவைத்துக் காயவைத்தேன். இன்று காலை முழுக்க இஸ்திரி போட்டு, மடிப்பு விழாமல் மூங்கில் கழியில் சுற்றி வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தால், கொழும்புத் தோணியிலிருந்து நேற்று இறங்கிய என் வீட்டுக்காரர் அதைக் கழியிலிருந்து உருவி, சாணுக்கு ஒரு மடிப்பாக மடித்து, முழங்காலால் அமுக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்.

"என்னய்யா இது?" என்றேன்.

"ஏளா, இடத்த அடைச்சிக்கிட்டு கெடந்துச்சு. தோணியில பாய்மரத்துப் பாய இப்படித்தான் கெட்டுவோம்."

"இம்புட்டுச் சுருக்கமும் எப்படிய்யா போவும்?"

"காத்து புடிச்சா தானா போயிரும்."

ஆறு பிள்ளைகளும் பீடத்துக்கு முன்னால் காற்றுக்கு விரிந்து நிற்க வேண்டுமாம்!

யார் வீட்டிலாவது பெரிய டிரங்குப் பெட்டி காலியாக இருந்தால் சொல்லுங்கள். துணிக்கு இல்லை. இவரைச் சாணுக்கு ஒரு மடிப்பாக மடித்து உள்ளே வைக்க வேண்டும்.