நாய்ஸ் என்று நான் நீக்கியது

அப்பா சைக்கிளில்தான் இறந்தார். பிப்ரவரி ஞாயிறு, காலை 6.47. கோவளத்துக்குத் தெற்கே ஈ.சி.ஆர். சாலையில், நாற்பது கிலோமீட்டர் டைம் ட்ரயலின் முப்பத்தோராவது கிலோமீட்டரில்.

டைம் ட்ரயலில் கூட்டமாகப் போவதில்லை. நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புவார்கள். போட்டி கடிகாரத்தோடு மட்டும். யாரோடும் முட்டிக்கொள்ளாத அப்பாவுக்கு, டெலிபோன் ஆபீஸ் ஸ்ரீநிவாசராகவனுக்கு, அது பொருந்தியது. மூன்று முறை மாநில சாம்பியன். சேலையூர் வீட்டில் ஒரு கோப்பையில் அம்மா துணி கிளிப் போட்டு வைத்திருந்தாள்.

விருப்ப ஓய்வு பெற்றபின் அவருக்கு ஒரே இலக்கு: அறுபது வயதுக்குள், நாற்பது கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பது. கடைசியாக எடுத்தது 60 நிமிடம் 14 விநாடி. இன்னும் பதினைந்து விநாடி குறைய வேண்டும். அறுபதுக்கு நான்கு மாதம் இருந்தது.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியர். இதயத் துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பெல்ட்டை வாங்கிக் கட்டிவிட்டவள் நான்தான். நவம்பரில் ஒரு காலைப் பயிற்சியில், 148-இல் இருந்த துடிப்பு சட்டென்று 214-க்குத் தாவி, நாற்பது விநாடி அங்கேயே நின்றது.

"மிருதுளா, இதப் பாரு. டாக்டர்ட்ட காட்டணுமாடி?"

"வேண்டாம்ப்பா. நாய்ஸ்."

"நாயா? வேங்கைவாசல்ல நாலு நாய் துரத்தினப்போகூட நூத்தி அறுபதுதான்."

"நாய்ஸ்ப்பா! பெல்ட் சரியா ஒட்டலேன்னா சென்சார், இல்லாத துடிப்பையெல்லாம் எண்ணும்."

"அப்போ நான் நன்னாத்தான் இருக்கேன். உன் மிஷினுக்குத்தான் பைத்தியம்."

பேட்டரி மாற்றினேன். தாவல் நிற்கவில்லை. ஒரு ஃபில்டர் எழுதினேன்: ஒரு விநாடியில் முப்பதுக்கு மேல் தாவினால் நீக்கிவிடு. என் லேப்டாப்பில் கோடு சுத்தமாகிவிட்டது.

போட்டியன்று இருபதாவது கிலோமீட்டர் திருப்பத்தில் ஸ்டாப்வாட்சோடு நின்றேன். 29 நிமிடம் 31 விநாடி. "இருபத்தொம்பது செகண்ட் கையில இருக்குப்பா!" என்று கத்தினேன். தலை நிமிராமல் கட்டைவிரலை மட்டும் உயர்த்தினார். உதடு நீலமாக இருந்ததா? பார்த்தேனா என்று தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6.50-க்குத் துரை அண்ணா அழைத்தார். கோவளத்தில் மீன் விற்பவர். இருபது வருடமாகப் போட்டிகளில் அப்பாவின் சைக்கிள் சீட்டைப் பிடித்து நிறுத்திக் கிளப்பிவிட்டு, பைக்கில் பின்னால் வருபவர். "சார் வுழுந்துட்டார் பாப்பா" என்றார். ஆஸ்பத்திரியில் செய்ய எதுவும் இருக்கவில்லை.

மறுவாரம் ஃபில்டரை எடுத்துவிட்டுப் பழைய பதிவுகளைத் திறந்தேன். பதினோரு நாள் பதிவுகளில் அதே தாவல். ஒவ்வொன்றிலும் அதே விநாடியில் சைக்கிளின் வேகமும் இறங்கியிருந்தது. சென்சார் பிழையால் கால் தளராது. இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான் வைத்துப் பார்க்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் துரை அண்ணா வந்தார்.

"கெளம்பறப்பவே சார் மூஞ்சி வெளுத்துப்போய் கீது பாப்பா. ஹேண்டில்பார் மிஷின்ல நெஞ்சு நம்பர் எகிறிக்கினு கீது. வேணாம் சார், எறங்குன்னேன். 'அது நாய்ஸ்டா, என் பொண்ணு சொல்லிட்டா'ன்னு சிரிச்சாரு." கொஞ்சம் தயங்கினார். "நாய்ஸ்னா இன்னா பாப்பா?"

லேப்டாப்பைத் திறந்து இரண்டு கோடுகளையும் காட்டினேன். இது ஏறும்போதெல்லாம் அது இறங்குவதை விரலால் தொட்டுச் சொன்னேன்.

"அப்போ, இது சார் நெஞ்சுதானா?"

"ஆமாம், அண்ணா."