லாந்தர் வெளிச்சத்துல மின்னுன கண்ணு

பயம்னா இன்னான்னே தெரியாத ஆளு இந்தத் திருவண்ணாமலையில நான் ஒருத்தன்தான். பொய்ங்க. சுத்தப் பொய். வேலூரு பஸ்ஸுக்காக விடியுறதுக்கு முன்னாடியே வந்து பஸ்ஸ்டாண்டு பெஞ்சில குந்திக்கினு இருக்கேன். என் காலு ஆடுற ஆட்டத்துல பெஞ்சும் சேந்து ஆடுது. நான் கைநாட்டு. அதனால சொல்றது நானு, எழுதுறது அஞ்சாங்கிளாஸு படிக்கிற எம்பொண்ணு. "ஆட்டாதப்பா, எழுத்து கோணுது"ன்னு முறைக்கிறா. அவளுக்கு ஒரு கண்ணு கண்ணாடிக் கண்ணு. அந்தக் கண்ணு கதையத்தான் சொல்ல வந்தேன்.

அணா போயி நயா பைசா வந்த புதுசு. நான் ரயிலடியில ஜட்கா ஓட்டிக்கினு இருந்தேன். ரயில வுட்டு எறங்குற ஜனத்த கோயிலுக்கும் ஆசிரமத்துக்கும் கொண்டு போயி வுடுறதுதான் வேல. எனக்கு சின்னதுலருந்தே ஒரு கண்ணு கோணல், அதுல பார்வையும் கம்மி. ஸ்டாண்டுல என் பேரே ஒன்றரக்கண்ணன். என் வண்டில ஏறுனவங்க குதிரைய நம்பித்தான் ஏறுனாங்க, என்ன நம்பி இல்ல.

எம்பொண்ணுக்கு அப்ப ரெண்டு வயசு. பொழுது சாஞ்சா வண்டில முன்னாடி ஏறி என் மடில குந்திக்கும். ஒரு நாளு லாந்தர ஏத்தி மாட்டுறேன், கொழந்தயோட எடது கண்ணுக்குள்ள பளிச்சுனு வெள்ளையா ஒண்ணு மின்னுச்சி. எனக்கு ஒரே குஷி. ஏன்னு கேளுங்க. நாங்க குதிர வாங்குறப்ப இருட்டுல லாந்தரக் காட்டித்தான் பாப்போம். கண்ணு மின்னுனா நல்ல கண்ணு, இருட்டுலயும் பள்ளம் மேடு தெரிஞ்சி போவும். மின்னலன்னா வாங்க மாட்டோம். எம்பொண்ணுக்கும் அப்டித்தான்னு ஸ்டாண்டு பூரா பீத்திக்கினேன். "பாருடா, நல்லவேள அப்பன் கண்ணு வரல, குதிரக் கண்ணு வந்துருக்கு"ன்னேன். கூட்டாளிங்க ஆளாளுக்கு லாந்தரத் தூக்கிக்கினு வந்து பாத்துட்டு தலையாட்டிட்டுப் போனானுங்க.

அப்புறம் ஒரு நாளு சாயங்கால ரயில்ல ஒரு அம்மா வந்து எறங்குனாங்க. கதர் பொடவ, கையில சின்னப் பொட்டி. ஆசிரமத்துக்கு வுடச் சொன்னாங்க. செங்கம் ரோட்டுல போறப்ப சும்மா இல்லாம அவங்ககிட்டயும் மடில இருந்த கொழந்த கண்ணப் பத்திப் பீத்துனேன். திரும்பிப் பாத்தவங்க, "வண்டிய நிறுத்துப்பா"ன்னாங்க. கொரலே மாறிப் போச்சி. லாந்தர அவங்களே கழட்டுனாங்க. கொழந்தயோட எடது கண்ண கையால மூடுனாங்க, அது பாட்டுக்கு சிரிச்சிக்கினு இருந்துச்சி. வலது கண்ண மூடுனாங்க, வீல்னு கத்தி அவங்க கையப் புடிச்சித் தள்ளுச்சி.

"எடது கண்ணுல பார்வையே இல்லப்பா. நான் டாக்டரு. நாளைக்கு மொத பஸ்ஸுல கொழந்தய வேலூருக்கு கொண்டு போ. நல்ல நாளு பாக்காத."

எனக்கு சிரிப்புதான் வந்துச்சி. பயந்துட்டா நான் சிரிப்பேன், அது ஒரு வியாதி. அன்னிக்கு சிரிச்ச சிரிப்புல குதிரையே மெரண்டு போச்சி.

வேலூரு ஆஸ்பத்திரில பெரிய டாக்டரு கொழந்தைக்கு மயக்கம் குடுத்து, கைவெளக்கு வச்சி ரொம்ப நேரம் உள்ள பாத்தாரு. கண்ணுக்குள்ள புத்துநோயாம். கொழந்தைங்களுக்கு மட்டும் வர்றதாம். கண்ண எடுக்கணும், வுட்டா நரம்பு வழியா மூளைக்குப் போயிடும், அப்புறம் கொழந்த தங்காதுன்னாரு. எம்பொண்டாட்டி கொழந்தயோட கண்ண முந்தானையால மூடிக்கினா.

எனக்கு வாயி சும்மா இருக்குமா? "சாமி, அதுக்கு பதிலு என் கண்ண எடுத்துக்கங்க, எப்டியும் ஒண்ணு தண்டமாத்தான் கெடக்குது"ன்னேன்.

டாக்டரு சிரிக்கல. "தண்டம்னா? எத்தினி நாளா?"ன்னாரு.

"நெனவு தெரிஞ்சதுலருந்தேங்க."

ஒடனே என்னக் குந்த வச்சி கண்ணுல மருந்து ஊத்துனாரு. கொஞ்ச நேரங்கழிச்சி வெளக்கப் புடிச்சி பாத்தாரு. எழுந்து போயி இன்னொருத்தரக் கூட்டியாந்தாரு. அவரு போயி இன்னும் நாலு பேரக் கூட்டியாந்தாரு. ஒருத்தரு என் கண்ணுக்குள்ள இருக்குறத படம் வேற வரையுறாரு. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன் கண்ணுல, படிச்சவங்கல்லாம் க்யூல நின்னு பாடம் படிச்சாங்க. "டிக்கெட் போடலாங்களா"ன்னு கேட்டேன். கேட்டுட்டு நான் மட்டும் சிரிச்சேன்.

கடைசில பெரிய டாக்டரு என் தோளுல கைய வச்சாரு. "இதே கட்டி சின்ன வயசுல உனக்கும் வந்துருக்கு. தானா காஞ்சி தழும்பாயிடுச்சி. இப்டி ஆவுறது ரொம்ப அபூர்வம். ஏன் ஆவுதுன்னு எங்களுக்கே இன்னும் தெரியல, அதத்தான் தேடிக்கினு இருக்கோம். எடுக்குற கண்ணையும் ஆராய்ச்சிக்கு வச்சிக்கிறோம்"னாரு.

அப்பன் கண்ணு வரலன்னு பீத்திக்கினேனே, வந்தது அப்பன் கண்ணேதான்.

என்ன வுட்ட நோயி எம்புள்ளைய ஏன் புடிச்சிதுன்னு கேக்கத்தான் நெனச்சேன். கண்ண எடுக்க சம்மதம்னு அவங்க நீட்டுன காயிதத்துல ரேகை வச்சேன். கொழந்தய உள்ள தூக்கிக்கினு போனாங்க. கதவு சாத்துனப்புறம் தாழ்வாரத்துல நின்னேன். பாவாடையில பொம்ம போட்ட கொழந்த ஒண்ணு அழுதுக்கினே போச்சி, அதப் பாத்து மூஞ்சிய அஷ்டகோணலா ஆக்கிக் காட்டுனேன், அது சிரிச்சிடுச்சி. எனக்குத்தான் தண்ணி தண்ணியா ஊத்துச்சி. மருந்து ஊத்துன கண்ணு, அதான்னு எம்பொண்டாட்டிகிட்ட சொன்னேன்.

எம்பொண்ணு பொழச்சிக்கினா. இன்னொரு கண்ணு இன்னி வரைக்கும் சுத்தமா இருக்குது. ஆனா வூட்டுக்கு அனுப்புறப்ப டாக்டரு ஒண்ணு சொல்லி வுட்டாரு. இனிமே பொறக்குற புள்ளைங்களுக்கும் இது வரலாம், வராமலும் போவலாம், பூவா தலையா மாதிரிதான். பொறந்ததும் கொண்டாந்து காட்டிப்புடுன்னு.

அந்த பயத்துலயே இத்தினி வருஷம் புள்ளையே வாணான்னு இருந்தோம். ஆனாலும் வந்துட்டான். இதோ, எம்பொண்டாட்டி மடில தூங்குறான், தீட்டு கழிஞ்சி நேத்துதான் வூட்ட வுட்டு வெளிய வந்தான். அவன் கண்ணக் காட்டத்தான் வேலூருக்குப் போறோம். இவன் பொறந்ததுலருந்து வெளக்கு ஏத்துற நேரத்துல நான் வூட்டுக்குள்ள போறதே இல்ல. குதிரைக்கு கொள்ளு வைக்கணும், தண்ணி காட்டணும்னு எதுனா சாக்கு சொல்லிட்டு நழுவிடுவேன். குதிர இந்த ஒரு மாசத்துல தின்னே பெருத்துப் போச்சி.

அன்னிக்கு அந்தம்மா லாந்தரத் தூக்கிப் புடிக்கலன்னா, இத எழுத இவ இருந்துருக்க மாட்டா. வெளிச்சத்தப் பாத்து ஓடக்கூடாதுன்னு அதுலருந்துதான் தெரிஞ்சிக்கினேன், தெரிஞ்சும் ஓடிக்கினுதான் இருக்கேன்.

பஸ்ஸு திரும்புது. லைட்டு ரெண்டும் எரியுது. "போளூரு, வேலூரு"ன்னு கண்டக்டரு கத்துறாரு. எம்பொண்டாட்டி கூப்புடுறா: "யோவ், கத சொன்னது போதும். புள்ளயப் புடி, நான் மூட்டைய எடுக்குறேன்." வெளிச்சம் நேரா அவன் மூஞ்சிலதான் வுழுது. முழிச்சிக்கினான். எழுதுறத நிறுத்தும்மா, நான் போயி அவன வாங்கி, அவன் கண்ண நேரா...